பார்டர் சுகர் இருக்கிறதா? டேப்பில் தொடங்கி லேப்பில் முடியும் வழிகாட்டி

"ஃபாஸ்டிங் 98 தான், எனக்குச் சுகர் இல்லை" என்று ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டவர்களுக்காகவே முக்கியமாக இதை எழுதுகிறேன். அந்த 98 பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை. நம் ஊர் உடம்புகளில் சர்க்கரைக் கோளாறு பலருக்கு முதலில் தலைகாட்டுவது வெறும் வயிற்றில் அல்ல, சாப்பிட்ட பிறகுதான். அந்த நேரத்தில் அளந்து பார்க்காதவரை ஆண்டுக்கணக்கில் "நார்மல்" என்றே காகிதம் சொல்லிக்கொண்டிருக்கும்.

முன்நீரிழிவு, மக்கள் வாயில் "பார்டர் சுகர்", எந்த அறிகுறியும் காட்டாது. தாகம் எடுக்காது, இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்க வைக்காது, காலில் புண் வராது. அதெல்லாம் வந்தால் பெரும்பாலும் பார்டரைத் தாண்டியாயிற்று என்று பொருள். ஆகவே தேடிப் போனால்தான் கிடைக்கும்.

எத்தனை பேர் இப்படி? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் எல்லா மாநிலங்களிலும் சேர்த்து 1.13 லட்சம் பேரைப் பரிசோதித்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன் மதிப்பீட்டில் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. முன்நீரிழிவில் இருப்பவர்கள் 13.6 கோடி. நோயாளிகளைவிட நோயின் வாசலில் நிற்பவர்கள் அதிகம்.

இந்த வழிகாட்டி யாருக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கனவே நீரிழிவு என்று உறுதியானவர்களுக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் இல்லை, அவர்களுக்கான அளவுகோலே வேறு, மகப்பேறு மருத்துவர்தான் பார்க்க வேண்டும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைதல் இருப்பவர்கள் கீழே வரும் மார்க்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

முதல் படி: நான்கு கேள்வி, ஒரு டேப்

ஊசி குத்துவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் என்று பெயர். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர், சென்னை நகர மக்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் தரவிலிருந்து 2005இல் இதை உருவாக்கினார்கள். பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இதே போன்ற கேள்வித்தாள்கள் உண்டு. ஆனால் நமக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் இதன் இடுப்பளவு எல்லைகள் நம் உடல்வாகுக்கு வைத்தவை. வெள்ளைக்காரர்களின் அளவுகோலில் "ஒல்லி" என்று தப்பித்துவிடும் ஆள் இங்கே மாட்டிக்கொள்வார். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் நம் ஆண்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

மொத்தம் 100 மதிப்பெண். இங்கே மார்க் கூடினால் ஆபத்தும் கூடும்.

வயது: 35க்குக் கீழே என்றால் 0. 35 முதல் 49 வரை 20. 50ம் அதற்கு மேலும் 30.

இடுப்புச் சுற்றளவு, பெண்கள்: 80 செ.மீ.க்குக் கீழே 0. 80 முதல் 89 வரை 10. 90ம் அதற்கு மேலும் 20.

இடுப்புச் சுற்றளவு, ஆண்கள்: 90 செ.மீ.க்குக் கீழே 0. 90 முதல் 99 வரை 10. 100ம் அதற்கு மேலும் 20.

உடல் உழைப்பு: தவறாத உடற்பயிற்சியும் உண்டு, வேலையும் உடம்பை வாட்டும் வேலை என்றால் 0. இரண்டில் ஏதோ ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை, உட்கார்ந்தே வேலை என்றால் 30.

குடும்பம்: அப்பா, அம்மா இருவருக்கும் நீரிழிவு இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

கூட்டிப் பாருங்கள். 60ம் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து. 30 முதல் 50 வரை நடுத்தரம். 30க்குக் கீழே குறைவு.

இதில் தவறு நடக்கும் இடம் இடுப்பளவுதான். பேன்ட் சைஸைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, ஆகவே அந்த எண்ணுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. தையற்காரர் வைத்திருக்கும் டேப் போதும். சட்டையைத் தூக்கிவிட்டு, அல்லது மெல்லிய துணியின் மேல், விலாப்பக்கம் கையை வைத்துக் கடைசி விலா எலும்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். அடுத்து, பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பெண்கள் பாவாடை நாடாவையும் புடவைக் கொசுவத்தையும் தளர்த்திவிட்டு அளக்க வேண்டும். அதன் மேலேயே சுற்றினால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். டேப் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று முதுகுப்பக்கம் இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. வயிற்றை எக்காதீர்கள். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில் எண்ணைப் படியுங்கள். டேப்பில் அங்குலம்தான் தெளிவாகத் தெரிகிறது என்றால்: 80 செ.மீ. என்பது 31½ அங்குலம், 90 என்பது சுமார் 35½, 100 என்பது சுமார் 39½.

அடுத்த தகராறு உடல் உழைப்பில். "நாள் முழுக்க ஓடிக்கிட்டேதான் இருக்கேன்" என்று எல்லோரும் சொல்வோம். கடையில் நின்று வியாபாரம் பார்ப்பது, பைக்கில் ஊர் சுற்றுவது, டென்ஷன் இவையெல்லாம் உடலுழைப்பில் சேராது. மூட்டை தூக்குவது, களை எடுப்பது, கல் மண் சுமப்பது, மீன் வலை இழுப்பது சேரும். வேர்க்க விறுவிறுக்க வாரத்தில் பெரும்பாலான நாட்கள் நடந்தால் அது உடற்பயிற்சி. மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டே உலாத்துவதை எதில் சேர்ப்பது என்று உங்கள் மனசாட்சிக்கே தெரியும்.

சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம். கற்பனை ஆட்கள்தான், ஆனால் எந்தத் தெருவிலும் இருப்பவர்கள்.

42 வயது வங்கி ஊழியர், ஆண், இடுப்பு 96, உடற்பயிற்சி இல்லை, அம்மாவுக்குச் சுகர். 20, 10, 30, 10. மொத்தம் 70.

28 வயது மென்பொருள் ஊழியர், இடுப்பு 101, காலை முதல் இரவு வரை நாற்காலி, அப்பா அம்மா இருவருக்கும் சுகர். வயதுக்கு 0தான். ஆனால் 20ம் 30ம் 20ம் சேர்ந்து அவரும் 70. "எனக்கென்ன வயசாயிடுச்சு" என்பவர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்கலாம்.

38 வயது, விவசாயக் கூலி வேலை செய்யும் பெண், இடுப்பு 76, தனியாக உடற்பயிற்சி இல்லை, பெற்றோருக்கும் இல்லை. 20ம் 20ம் சேர்ந்து 40. நடுத்தரம்.

இந்த மார்க்கை எவ்வளவு நம்பலாம்? உருவாக்கியவர்களே கொடுத்த எண் இது: 60 என்ற கோட்டை வைத்தால், தெரியாமல் நீரிழிவோடு இருக்கும் 100 பேரில் ஏறத்தாழ 72 பேரைப் பிடிக்கும், மீதிப் பேர் நழுவிவிடுவார்கள். நீரிழிவு இல்லாத 100 பேரில் சுமார் 40 பேரை வீணாகச் சந்தேகிக்கவும் செய்யும். இரண்டாவது தவறு பெரிதில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையோடு தீர்ந்துவிடும். முதல் தவறுதான் கவனிக்க வேண்டியது. அதோடு, இந்த மார்க் முதலில் உருவானது கண்டறியப்படாத நீரிழிவைப் பிடிக்க. அதற்கு முந்தைய நிலையைப் பிடிப்பதில் இது இன்னும் கொஞ்சம் மங்கல். ஆகவே 30 முதல் 50 வரை வந்தவர்களை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அவர்களை அடுத்த படிக்கு அழைத்துப் போகலாம்.

இரண்டாம் படி: மார்க்கில் சேராத சாட்சிகள்

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும், மார்க் எதுவாக இருந்தாலும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதே சரி.

கர்ப்ப காலத்தில் சுகர் வந்து பிரசவத்தோடு போய்விட்ட பெண்கள் முதலில். "அப்பவே சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்குப் பிறகு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிடப் பல மடங்கு. பிரசவமாகி 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு முறை, பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியவர்கள். அந்த முதல் பரிசோதனைதான் நடப்பதே இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் அதே நாட்களில் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருப்பது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு. அது அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். சோப்பு மாற்றிப் பயனில்லை.

சினைப்பை நீர்க்கட்டி, ஸ்கேனில் "ஃபேட்டி லிவர்", உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுதி இவையும் இந்த வரிசைதான். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களும், மனநல மருந்துகள் சிலவற்றை எடுப்பவர்களும் சேர்த்தி. மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பரிசோதனையை மட்டும் கேளுங்கள்.

உடல் நிறை குறியீட்டெண் என்ற எடை, உயரக் கணக்கும் உண்டு. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை என்பார்கள். ஆசியர்களுக்கு அது 23. எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண் அது.

மூன்றாம் படி: எந்தப் பரிசோதனை?

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். லேப் கவுன்டரில் போய் "சுகர் டெஸ்ட்" என்று மட்டும் சொன்னால், என்ன எடுப்பது என்பதை அங்கே இருப்பவர் தீர்மானித்துவிடுவார்.

நான்கு வகை இருக்கின்றன.

ரேண்டம். கோயில் திருவிழாவிலும் ரோட்டரி முகாமிலும் விரலில் குத்திப் பார்ப்பது. எப்போது சாப்பிட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியே இல்லாத எண். 118 வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. 260 வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். முற்றிய நீரிழிவைப் பிடிக்க உதவும். பார்டரைப் பிடிக்க உதவாது.

ஃபாஸ்டிங். எளிது, மலிவு, காலையில் முடிந்துவிடும். 100க்குக் கீழே நார்மல். 100 முதல் 125 வரை முன்நீரிழிவு. 126ம் அதற்கு மேலும் நீரிழிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. 100 என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல் கீழே இறக்கிய கோடு. உலக சுகாதார நிறுவனம் இன்னும் 110லிருந்துதான் கணக்கிடுகிறது. ஆகவே 104 வந்த ரிப்போர்ட்டை ஒரு டாக்டர் "பார்டர்" என்றும் இன்னொருவர் "பரவாயில்லை" என்றும் சொன்னால் இருவரில் ஒருவர் தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வேறு வேறு கோடுகளை வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

குளுக்கோஸ் குடித்து எடுப்பது. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். ஓஜிடிடி என்று சீட்டில் எழுதுவார்கள். இரண்டாவது எண் 140க்குக் கீழே நார்மல். 140 முதல் 199 வரை முன்நீரிழிவு. 200ம் மேலும் நீரிழிவு.

எச்பிஏ1சி. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்துச் சொல்லும் மூன்று மாதச் சராசரி. 5.7க்குக் கீழே நார்மல். 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு. 6.5ம் மேலும் நீரிழிவு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் எடுக்கலாம் என்பதே இதன் பெரிய வசதி.

இந்த நான்கும் ஒரே ஆளைப் பிடிப்பதில்லை. வெறும் வயிற்று அளவை இரவு முழுக்கத் தீர்மானிப்பது கல்லீரல். சாப்பிட்ட பின் வரும் சர்க்கரையைப் பெருமளவு உள்ளே இழுத்துக்கொள்வது தசை. கல்லீரல் ஒழுங்காக இருந்து தசை சொன்னபடி கேட்காமல் போனால், ஃபாஸ்டிங் 92 என்று அழகாக வரும், குளுக்கோஸ் குடித்த பின் 168க்கு ஏறிவிடும். உட்கார்ந்தே இருப்பவர்கள், தசை குறைந்து தொப்பை வளர்ந்தவர்கள் இந்த வகையில் நிறைய. நம் தட்டில் சோறு பெரிதும் பருப்பு சிறிதுமாக இருப்பது அதை ஒவ்வொரு வேளையும் சோதித்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இது. மார்க் 60ம் மேலும் என்றால், அல்லது இரண்டாம் படியில் ஒன்று இருந்தால், ஃபாஸ்டிங் மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். குளுக்கோஸ் பரிசோதனையைக் கேளுங்கள். காலை மூன்று மணி நேரம் லேப்பில் செலவழிக்க முடியாது என்றால் ஃபாஸ்டிங்கும் எச்பிஏ1சியும் சேர்த்து. மார்க் 30 முதல் 50 என்றால் ஃபாஸ்டிங்கும் எச்பிஏ1சியும் போதும், சந்தேகம் வந்தால் குளுக்கோஸ் பரிசோதனையும். 30க்குக் கீழே, வேறு சாட்சியும் இல்லை என்றால் இப்போதைக்கு ரத்தம் வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து மறுபடி டேப்பை எடுங்கள்.

காசு பிரச்சினை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டியவர்களுக்குச் சுகரும் பிபியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டு. அங்கே முதலில் கிடைப்பது விரல் குத்தும் எண்தான். அதை வாயிற்படியாக வைத்துக்கொண்டு, மேலே உள்ள மார்க்கையும் சொல்லி, கை நரம்பில் எடுக்கும் சிரை ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

வீட்டில் உள்ள குளுக்கோமீட்டர்? அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தர அளவே 100க்கு மேல் கூடக் குறைய 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. மீட்டரில் 110 என்றால் உண்மை 95ஆகவும் இருக்கலாம், 125ஆகவும் இருக்கலாம். நார்மலும் பார்டரின் உச்சியும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. ஏற்கனவே மருந்து எடுப்பவர்கள் ஏற்ற இறக்கம் பார்க்க அது அருமையான கருவி; நமக்கு இப்போது வேண்டியது வேறு.

நான்காம் படி: லேப்புக்குப் போகும் நாள்

முதல் விதி, ஏமாற்றாதீர்கள். டெஸ்ட் என்றதும் நான்கு நாள் இனிப்பை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, மாலையில் ஓடிவிட்டுப் போனால் ரிப்போர்ட் உங்களைப் பற்றிப் பேசாது. குளுக்கோஸ் பரிசோதனைக்கோ இது நேர்மாறாகவும் திரும்பும். முன் நாட்களில் மாவுச்சத்தை மிகவும் குறைத்தவர்களுக்கு அன்று எண் ஏறியே வரலாம். அதனால்தான் முந்தைய மூன்று நாட்கள் வழக்கம்போல் சாப்பிடச் சொல்கிறார்கள். நாளுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து. நம் சாப்பாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை, தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். பேலியோ உணவில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க.

இரவுச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, காலை ஏழு, எட்டு மணிக்கு லேப்பில் இருங்கள். குறைந்தது 8 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும், 14க்கு மேல் போகவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம். காப்பி கூடாது. "சர்க்கரை போடாமதான் குடிச்சேன்" என்பதும் செல்லாது, பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. வெற்றிலை, புகையிலை, சிகரெட், பீடி எதுவும் வேண்டாம். காய்ச்சல், சளி, பல் பிடுங்கியது, இரண்டு இரவு தூக்கம் கெட்டது என்றால் தள்ளிப் போடுங்கள்; உடம்பு வதைபடும்போது சர்க்கரை தானாகவே ஏறும். நைட் ஷிப்ட் முடிந்து நேராக லேப்புக்கு வருவதும் அப்படித்தான்.

குளுக்கோஸ் குடிப்பவர்களுக்குச் சில சொற்கள். 75 கிராமை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். திகட்டும். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் குடித்ததிலிருந்து எண்ண வேண்டும், டம்ளரை வைத்ததிலிருந்து அல்ல. நேரத்தை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் கடைத்தெருவுக்கு நடந்து போய் வராதீர்கள், நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், எண் குறைந்துவிடும். உட்கார்ந்தே இருங்கள். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை செல்லாது, இன்னொரு நாள் வரவேண்டியதுதான். இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைச் செய்யக் கூடாது, டாக்டரிடம் சொல்லி வேறு வழி பாருங்கள்.

"வீட்டுக்குப் போய் டிபன் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்பது வேறு பரிசோதனை. ஒருவர் இரண்டு இட்லி சாப்பிட்டு வருவார், இன்னொருவர் பொங்கல் வடையோடு ஒரு கட்டு கட்டிவிட்டு வருவார். 140 என்ற கோடு 75 கிராம் குளுக்கோஸுக்கு வைத்தது, பொங்கலுக்கு அல்ல. மருந்து எடுப்பவர்களுக்கு அது உதவும். கண்டுபிடிக்கும் வேலைக்கு அளந்த குளுக்கோஸ்தான் வேண்டும். சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

லேப்பின் பக்கமும் ஒன்று இருக்கிறது. எடுத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குழாயில் இருக்கும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் ஃப்ளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய். அதுவும் உடனே முழுதாகத் தடுப்பதில்லை, ஆகவே செல்களைச் சீக்கிரம் பிரித்தெடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பைக்கில் பாதி நாள் சுற்றி, மதியம் லேப் போய்ச் சேரும் மாதிரியில் 108 என்பது 99 ஆகிப் போக வாய்ப்பிருக்கிறது. பார்டரைத் தேடும்போது இந்த ஒன்பது புள்ளிதான் எல்லாமே. முடிந்தால் ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பரிசோதிக்கும் லேப்பாகப் பாருங்கள். எச்பிஏ1சிக்கு ஊதா மூடிக் குழாய். அதில் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

எல்லாம் ஒரே பக்கம் நின்றால் எளிது. குழப்பம் வருவது எண்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது.

ஃபாஸ்டிங் 94, குளுக்கோஸுக்குப் பின் 162, எச்பிஏ1சி 5.6. முன்நீரிழிவுதான். ஒரு கதவு திறந்திருந்தால் போதும், மற்ற இரண்டும் பூட்டியிருக்கின்றனவா என்பது இங்கே கணக்கில்லை. முதலில் சொன்ன 98காரர்களில் பலர் இந்த வரிசையில் இருப்பார்கள்.

ஃபாஸ்டிங் 107, குளுக்கோஸுக்குப் பின் 122. அமெரிக்கக் கோட்டின்படி பார்டர், உலக சுகாதார நிறுவனக் கோட்டின்படி நார்மல். பயப்பட ஒன்றுமில்லை, விட்டுவிடவும் கூடாது. அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி எடுங்கள்.

ஃபாஸ்டிங் 90, குளுக்கோஸுக்குப் பின் 118, எச்பிஏ1சி 6.1. ஒரு பெண்ணின் ரிப்போர்ட் இப்படி வந்தால் முதலில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் பழையதாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அதில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும், எண் பொய்யாக ஏறும். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. அப்படியிருக்க எச்பிஏ1சியை மட்டும் வைத்து ஒரு பெண்ணுக்குப் பார்டர் என்று முத்திரை குத்துவது எனக்கு உடன்பாடில்லை. இரும்பு மாத்திரை முடித்துவிட்டு மறுபடி எடுக்கட்டும்.

ஃபாஸ்டிங் 119, எச்பிஏ1சி 4.9. இது எதிர்த்திசை. அண்மையில் ரத்தம் ஏற்றியவர்கள், ரத்தம் நிறைய இழந்தவர்கள், சிவப்பணு சீக்கிரம் சிதையும் கோளாறு உள்ளவர்கள், சிறுநீரகச் செயலிழப்பில் ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆகியோருக்கு எச்பிஏ1சி பொய்யாக இறங்கும். அங்கே குளுக்கோஸ் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எந்த எண்ணாவது நீரிழிவுக் கோட்டைத் தொட்டால், அறிகுறி இல்லாதபோது, ஒரே ஒரு பரிசோதனையோடு யாரும் உங்களை நோயாளி ஆக்கக் கூடாது. ஒரே ரத்தத்தில் இரண்டு வகை எண்ணும் கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். பார்டருக்கும் இதையே கடைப்பிடியுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனை, அதே லேப்.

ஆறாம் படி: பார்டர் என்று உறுதியானால்

"இன்னும் நோய் வரலையே, அப்புறம் எதுக்கு?" என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் குளுக்கோஸ் பரிசோதனையில் பார்டர் வந்த 531 பேரை எடுத்து மூன்று ஆண்டு பின்தொடர்ந்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூன்று ஆண்டுக்குள் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். நடை, உணவு மாற்றம் என்று கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 39.3 சதவீதம். மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரை எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. நடைக் குழுவினர் எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலனைப் பெற்றார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி. தராசு அசையவில்லை என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது புதிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை. அதோடு தசைக்கு வேலை தரும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் சுண்டலோ பருப்போ கீரையோ. அதிக எடை உள்ளவர்கள் அதில் 5 முதல் 7 சதவீதம் குறைத்தால் நல்லது. 80 கிலோ ஆளுக்கு நான்கு முதல் ஐந்தரை கிலோ. வெள்ளை அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று மாறிவிட்டு அளவை இரட்டிப்பாக்கிக்கொள்வதால் பலனில்லை. பிபி, கொழுப்பு இரண்டையும் கூடவே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பார்டரிலேயே இதயத்துக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது. மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். இளவயது, அதிக எடை, முன்பு கர்ப்பகாலச் சுகர் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் யோசிப்பார்கள். "பத்து நாளில் பார்டர் போகும்" என்று பொடி விற்பவரிடம் எந்தப் பரிசோதனையில் எந்த எண் எவ்வளவு மாறும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

மறுபரிசோதனை: பார்டர் உறுதியானவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை. நார்மல் வந்தவர்கள் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, இடுப்பளவு இடையில் ஐந்து சென்டிமீட்டர் ஏறினால் அதற்கு முன்பே. எந்தப் பரிசோதனையில் பார்டர் பிடிபட்டதோ அதையே மறுபடியும் எடுக்க வேண்டும். குளுக்கோஸில் 162 வந்தவர் அடுத்த ஆண்டு ஃபாஸ்டிங் மட்டும் எடுத்து 95 என்று சந்தோஷப்பட்டால் அவர் எதையும் சோதிக்கவில்லை. ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவில் எழுதி வையுங்கள்: ஃபாஸ்டிங்கா, குளுக்கோஸா, எச்பிஏ1சியா, தேதி, லேப், அன்றைய இடுப்பளவு. உங்களுக்குப் பார்டர் என்றால் உடன்பிறந்தவர்களுக்கும் இதைச் சொல்லி, அடுத்த முறை எல்லோரும் ஊரில் கூடும்போது டேப்பை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.